மூன்றாவது துளைக்குப் பின்னால் ஒன்றுமில்லை

கோத்தகிரியில் இந்த வாடகை வீட்டுக்கு வந்து ஆறு மாதம் ஆகிறது. கம்ப்யூட்டர் கேபினெட்டைத் தொட்டாலே விரல் சுருசுருவென்கிறது. மழை நாளில் வெறுங்காலோடு ஈரத் தரையில் நின்று தொட்டால் இன்னும் மோசம். எலக்ட்ரீஷியனைக் கேட்டால், "பழைய வீடு சார், செருப்பு போட்டுக்கங்க" என்கிறார். இது ஒரு பதிலா?

மெயினை அணைத்துவிட்டு போர்டைக் கழற்றிப் பார்த்தேன். ப்ளக்கின் பெரிய முனை போகும் மேல் துளைக்குப் பின்னால், கசியும் மின்சாரத்தை மண்ணுக்குள் இறக்கும் பச்சை எர்த் ஒயரே இல்லை! கம்ப்யூட்டர் பவர் சப்ளையில் இரைச்சலை வடிகட்டும் சிறு கெப்பாசிட்டர்கள் உண்டு. அவை கசியவிடும் துளி மின்சாரம் எர்த் வழியாக இறங்க வேண்டும். எர்த் இல்லாததால் 230 வோல்ட்டில் கிட்டத்தட்டப் பாதி கேபினெட்டிலேயே நிற்கிறது. கசிவு கொஞ்சம் என்பதால் சுருசுருப்போடு போகிறது. இதே வயரிங்கில்தான் குளியலறை கெய்சரும் ஓடுகிறது. அதற்குள் கரண்ட் வரும் லைன் ஒயர் விட்டுப்போய் கெய்சரின் உலோக உடம்பைத் தொட்டால் என்ன ஆகும்? நினைத்தாலே தூக்கம் வரவில்லை.

குளிர் வந்தால் 2000 வாட் ஹீட்டரை 6 ஆம்பியர் ப்ளக்கில் வேறு செருகுகிறார்கள். அது கிட்டத்தட்ட 8.7 ஆம்பியர் இழுக்கும். போர்டு கருகாமல் என்ன செய்யும்?

ஷாக் ஆபத்துக்கு, 30 மில்லி ஆம்பியர் கசிவுக்கே கரண்டைத் துண்டிக்கும் ஆர்சிசிபி சுவிட்ச் ஒன்றும், ஒழுங்கான எர்த் குழியும், அதிலிருந்து போர்டுகளுக்கு வரும் பச்சை ஒயரும் போதும். வீட்டுக்காரரோ சுவருக்கு இரண்டு முறை பெயின்ட் அடித்துவிட்டார். எர்த்துக்கு மட்டும் "அடுத்த மாசம் பார்க்கலாம்" என்கிறார்.