247 எழுத்தும் முடியும்வரை காத்திருக்க வேண்டுமா?

குழந்தைக்குத் தமிழின் எல்லா எழுத்தும் தெரிந்த பிறகுதான் கதைப் புத்தகம் கொடுக்க வேண்டும் என்று ஒரு கட்டுரையில் சொல்லியிருப்பதை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. என் மகள் ஒரே யானைக் கதையை மாதக்கணக்கில் தினமும் படிக்கச் சொன்னாள் (அலுத்துப்போனது எனக்குத்தான்). வரிக்குக் கீழே விரலை ஓட்டிக்கொண்டே படிப்பேன். ஒருநாள் வேண்டுமென்றே ஒரு சொல்லைத் தாண்டிவிட்டேன். சட்டென்று என் விரலைப் பிடித்து இழுத்து, "இங்க 'தொப்'புனு இருக்கு" என்றாள். அப்போது அவளுக்கு 'த' கூட எழுத வராது.

'கொ' போன்ற எழுத்துகளில் கொம்பு (ெ) முன்னால் நிற்க, அதன் ஒலி பின்னால் வருவது குழந்தைக்குக் குழப்பம்தான். தனி எழுத்தாகச் சொல்லிக்கொடுத்தபோது 'கொ'வில் திணறியவள், படத்தோடு 'கொக்கு' என்று பார்த்ததும் பிடித்துக்கொண்டாள். அப்புறம், தப்பாகப் படித்தால் உடனே திருத்தாதீர்கள். வரி முடியும்வரை பொறுத்தால் பல சமயம் அவர்களே திரும்பிப் போய்ச் சரிசெய்துகொள்கிறார்கள்.