யாமனோத்தே 205 வரிசை ரயில்கள் உடைக்கப்படவில்லை

2005-ல் டோக்கியோவின் யாமனோத்தே வட்டத்தடத்தை விட்டு நீங்கியதும் 205 வரிசை மின்ரயில்கள் அனைத்தும் உடைக்கப்பட்டன என்று ஒரு பதிவு சொல்கிறது. அது சரியல்ல. அவற்றில் பெரும்பாலானவை வேறு தடங்களுக்கு மாறின. டோக்கியோவின் புறநகர் வழியே செல்லும் முசாஷினோ தடத்துக்குப் போனவற்றுக்குப் புது மோட்டாரும் கட்டுப்பாட்டு அமைப்பும் பொருத்தி, 2020 அக்டோபர் வரை ஓட்டினார்கள். இவற்றில் பல, அந்தத் தடத்தை விட்டு விலகியதும் கப்பலேறி ஜகார்த்தா போய், அங்கே புறநகர் சேவையில் இறங்கின. 1985-ல் ஓடத் தொடங்கிய வகைக்கு எவ்வளவு நீண்ட உழைப்பு!

நீங்களே சரிபார்க்கலாம். ஜகார்த்தா ரயில் படங்களைப் பெரிதாக்கி, துருப்பிடிக்காத எஃகுப் பக்கவாட்டைக் கவனியுங்கள்: பழைய ஜப்பானிய எழுத்தும் 205 அல்லது 204 என்று தொடங்கும் எண்ணும் பலவற்றில் தெரியும். அந்த எண்ணை ஜப்பானிய ரயில் ஆர்வலர்களின் பெட்டிப் பட்டியலில் தேடினால், அது முன்பு ஓடிய தடங்கள் வரிசையாக வரும்.