தலைவலி என்று சொல்லித்தான் படுக்க வேண்டுமா?

எனக்குத் தலைவலி வருவதே இல்லை. ஆனால் எங்கள் வீட்டில் யாரைக் கேட்டாலும் "அவளுக்கு அடிக்கடி தலைவலி வரும்" என்பார்கள்.

வீடு தேனி மாவட்டக் கூடலூரில், வேலை குமுளியில் ஒரு மசாலாக் கடையில் கணக்கு எழுதுவது. காலையில் லோயர் கேம்ப் தாண்டி மலை ஏறினால் கேரளா, சாயங்காலம் இறங்கினால் தமிழ்நாடு. போன மாதம் ஒரு நாள் நல்ல மழை. கொண்டை ஊசி வளைவில் லாரி ஒன்று மக்கர் பண்ணி, பஸ் ஒன்றேகால் மணி நேரம் நகரவில்லை. வீடு சேர்ந்தபோது மணி எட்டு. காலையில் ஃப்ரிட்ஜில் வைக்க மறந்த மாவு பொங்கி அடுப்பு மேடையெல்லாம் வழிந்து கிடக்கிறது. பெரியவனுக்கு விடிவதற்குள் சார்ட் பேப்பர் வேண்டும், அதை அப்போதுதான் சொல்கிறான். அத்தைக்குச் சுகர் மாத்திரை தீர்ந்துவிட்டது. வீட்டுக்காரர் டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல் "டீ கிடைக்குமா?" என்றார்.

கத்தினேன். பெரியவன் முதுகில் ஒன்று வைத்தேன். அப்புறம் பாத்ரூமுக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு, ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்திருந்தேன். வெளியே வந்து "தலை வலிக்குது" என்று சொல்லிப் படுத்தேன். ஏழு வயசுச் சின்னவள் தைலம் எடுத்து வந்து தேய்த்தாள். கண்ணுக்குள்ளும் கொஞ்சம் தேய்த்துவிட்டாள். அழுவதற்கு அது வசதியாகப் போயிற்று.

நாலு நாள் கழித்துச் சொப்பு வைத்து விளையாடுகிறாள். பொம்மைகளுக்குச் சோறு போட்டு முடித்து, பாயில் சாய்ந்து, நெற்றியில் கையை வைத்துக்கொண்டு, "அம்மாவுக்குத் தலைவலி, யாரும் கூப்பிடாதீங்க" என்கிறாள்.

எனக்குச் சுருக்கென்றது. அம்மா படுக்க வேண்டுமென்றால் அவளுக்கு ஏதாவது நோவு இருக்க வேண்டும் என்று நான்தானே கற்றுக்கொடுத்திருக்கிறேன்?

தாய்மார்கள் தங்களைக் கவனித்துக்கொள்வது பற்றி வருகிற வீடியோக்களில் முகத்துக்குப் பூச்சு, மெழுகுவத்தி, விடிகாலை 5 மணிக்கு யோகா. நல்லதுதான். ஆனால் அந்த 5 மணியை எங்கிருந்து எடுப்பது? தூக்கத்திலிருந்துதான். மத்திய அரசின் 2024 காலப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு சொல்கிறது: சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண் அதற்கு ஒரு நாளில் 289 நிமிடம் செலவிடுகிறாள், ஆண் 88 நிமிடம். 2019இல் பெண்ணுக்கு 299. பத்து நிமிடம் குறைந்தது மிக்ஸியாலா வீட்டுக்காரராலா, அது வீட்டுக்கு வீடு மாறும். நான் கேட்பது அரை மணி நேரம். என் தூக்கத்திலிருந்து இல்லை, ஆணுக்கும் பெண்ணுக்கும் உள்ள அந்த வித்தியாசத்திலிருந்து.

கடையில் என்னோடு இருக்கும் சேச்சிக்கு ஞாயிற்றுக்கிழமை அயல்கூட்டம். 1998இல் கேரள அரசு தொடங்கிய குடும்பஸ்ரீ என்ற பெண்கள் திட்டத்தின் அடிமட்டக் குழு அது. பத்திருபது பெண்கள் வாராவாரம் கூடிச் சேமிப்பு, கடன் கணக்குப் பார்ப்பார்கள். கணக்கு அரை மணியில் முடிந்துவிடுமாம். மீதி நேரம்? "சும்மா வர்த்தமானம்", அதாவது வெறும் அரட்டை, என்று சிரிக்கிறார். பேருக்குக் கூட்டம் என்று இருப்பதால் வீட்டில் யாரும் எதற்குப் போகிறாய் என்று கேட்பதில்லை. நம் பக்கமும் சுயஉதவிக் குழு இருக்கிறது. எங்கள் தெருவில் தவணை கட்டிய கையோடு ஓடிவந்துவிடுகிறோம், குக்கர் கூப்பிடுகிற மாதிரி.

அத்தையிடம் இதைச் சொன்னேன். திட்டுவார் என்றுதான் நினைத்தேன். அவர் அந்தக் காலத்தில் ஏலத்தோட்டத்து வேலைக்கு ஜீப்பில் போனவர். "போக ஒரு மணி, வர ஒரு மணி. இடிச்சுக்கிட்டுத்தான் உக்காந்திருப்போம். ஆனா அந்த நேரம் யாரும் எங்கிட்ட எதையும் கேக்க முடியாதுல்ல" என்றார். முப்பது வருஷம் அவருடைய ஓய்வு ஜீப்பில்தான் இருந்திருக்கிறது.

ஒன்று மட்டும். இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமில்லை, எதிலும் பிடிப்பில்லை, காரணமில்லாமல் அழுகை என்றால் அது அரை மணி நேரம் சும்மா உட்கார்ந்தால் தீராது. பிள்ளை பெற்ற கொஞ்ச நாளில் அப்படி வந்தால் இன்னும் கவனம் வேண்டும். அதையும் தலைவலி என்று மூடி வைக்காமல் டாக்டரிடம் போங்கள். டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவிக்கு 14416 இலவச எண், எந்நேரமும் தமிழிலேயே பேசலாம்.

இப்போது ராத்திரி எட்டிலிருந்து எட்டரை வரை மொட்டைமாடியில் இருக்கிறேன். முதல் நாள் "எனக்கு ஒன்னுமில்ல, சும்மா உக்காரப் போறேன்" என்றதும் வீட்டுக்காரர், "யார் மேல கோவம்?" என்றார். மூன்று நாள் அதையே கேட்டார். நாலாம் நாள் தோசைக்கல்லைப் போட்டார். முதல் தோசை பிய்ந்துபோய் அவரே தின்றார்.

நேற்று சின்னவள் படியேறி வந்து, "தலைவலியா?" என்றாள். இல்லை என்றேன். "அப்ப கீழ வா." இன்னும் பத்து நிமிஷம் இருக்கிறது என்றேன். தங்கு தங்கென்று மிதித்துக்கொண்டு இறங்கிப் போனாள்.