சனிக்கிழமை பங்குச்சந்தையைத் திறந்தது ஹேக்கிங்கை மறைக்கவா?

"2024ல சனிக்கிழமை மார்க்கெட் ஓடினது, ஹேக் ஆனதை மறைக்கத்தான்." மாட்டுங்கா, தாராவி தமிழ் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றும் இந்தச் செய்தி தவறு.

அது முன்கூட்டியே அறிவித்து நடத்திய ஒத்திகை. 2024 மார்ச் 2 அன்று காலை 9.15 முதல் 10 வரை வழக்கமான மையத்தில் வர்த்தகம் நடந்தது. பிறகு மொத்த அமைப்பையும், வழக்கமான மையம் முடங்கினால் கைகொடுக்கும் பேரிடர் மாற்று மையத்துக்கு மாற்றி, 11.30 முதல் 12.30 வரை அங்கிருந்து நடத்தினார்கள். ஒத்திகைதான், ஆனால் ஆர்டரும் பணமும் நிஜம். மே 18 சனிக்கிழமையும் இப்படித்தான்.

இந்தப் பயிற்சி எவ்வளவு அவசியம் என்பதற்கு 2021 பிப்ரவரி 24 ஒன்றே போதும். தொலைத்தொடர்பு இணைப்புக் கோளாறால் தேசியப் பங்குச்சந்தை 11.40 மணிக்கு நின்றது. மீண்டும் தொடங்கியது 3.45க்கு. மாற்று மையம் இருந்தும் அதற்கு மாறவில்லை! அதன் பிறகுதான், பேரிடர் என அறிவித்த 45 நிமிடத்துக்குள் மாறியாக வேண்டும் என்று பங்குச்சந்தைகளைக் கண்காணிக்கும் அமைப்பான செபி விதித்தது.

எதிர்வீட்டு அக்கா போனை நீட்டி, "தம்பி, இருக்கிற ஷேரை எல்லாம் வித்துடட்டுமா?" என்றார். அவர் கை நடுங்கியது. இந்த வதந்தியை நம்பி விற்காதீங்க அக்கா என்றேன்.