2019இன் வரிக்குறைப்பை அப்படியே விட்டிருந்தால்?

போன ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டில் மதியச் சாப்பாடு. கதை எங்கெல்லாமோ சுற்றிக் கடைசியில், 2019 முடிவில் இலங்கை ஜனாதிபதியான கோட்டாபய ராஜபக்ச செய்த வரிக்குறைப்பில் வந்து நின்றது. அத்தான் சொன்னார்: "தம்பி, கோட்டாபய செய்ததில நல்ல விசயம் எண்டால் வரியைக் குறைச்சதுதான். அதை அப்படியே நீடிச்சிருந்தால் சனம் இவ்வளவு கஷ்டப்பட்டிருக்காது." அத்தான் சின்னதாக ஒரு ஹாட்வெயார் கடை நடத்துகிறார். சாமான் எடுக்கும் ஒவ்வொரு முறையும் 18 வீத வற் வரியை, அதாவது விலையோடு சேரும் பெறுமதி சேர் வரியை, பார்ப்பவர். அவருடைய கோபம் நியாயமானது. ஆனால் அந்த முடிவோடு எனக்கு உடன்பாடில்லை. அன்றைக்கு ஒழுங்காகப் பதில் சொல்ல முடியவில்லை, அதனால் இங்கே எழுதுகிறேன்.

முதலில் என் கணக்கையே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அந்த வரிக்குறைப்பால் நேரடியாக இலாபம் அடைந்தவன் நான். கொழும்பில் ஒரு தனியார் கம்பனியில் கணக்குப் பிரிவில் வேலை. 2019 முடிவில் சம்பளம் மாதம் 200,000 ரூபா. அப்போது சம்பளத்தில் மாதாமாதம் 6,000 ரூபா வரியாகக் கழிப்பார்கள். 2020 ஜனவரியில் அந்தக் கழிவு இல்லாமல் போனது. வரியில்லா எல்லையை வருடத்துக்கு 30 லட்சமாக, அதாவது மாதம் 250,000 ரூபாவாக உயர்த்தியிருந்தார்கள். நான் முழுவதுமாக வெளியே வந்துவிட்டேன். 2022 டிசம்பர் வரை 36 மாதம், மொத்தம் 216,000 ரூபா. சந்தோசப்பட்டேன், மறுக்கவில்லை.

சம்பள வரியோடு அது நிற்கவில்லை. வற் வரி 15 வீதத்தில் இருந்து 8 வீதம். வியாபாரங்களின் விற்பனைத் தொகை மீது போட்ட 'தேசத்தைக் கட்டியெழுப்பும் வரி' முழுதாக நீக்கம். கம்பனி வரி 28இல் இருந்து 24. எல்லாவற்றிலும் பெரிய அடி, அதிகம் பேசப்படாத ஒன்று: வருடத்துக்கு 1.2 கோடி ரூபா விற்றாலே வற் பதிவு செய்ய வேண்டும் என்று இருந்ததை 30 கோடியாக்கினார்கள். நல்ல நடுத்தர வியாபாரங்கள்கூட ஒரே நாளில் வற் வலைக்கு வெளியே போய்விட்டன.

சரி, இதனால் சாதாரண சனத்துக்கு என்ன கிடைத்தது? என் அம்மா ஊரில் இருக்கிறார். வருமான வரி கட்டும் அளவுக்கு அவருக்கு ஒருநாளும் வருமானம் இருந்ததில்லை, ஆகவே அதில் குறைய ஒன்றும் இல்லை. அவர் வாங்கும் அரிசிக்கும் பாணுக்கும் காய்கறிக்கும் அப்போது வற் கிடையாது, ஆகவே அதிலும் குறையவில்லை. சவர்க்காரம், பற்பசை மாதிரிச் சாமான்கள் குறைந்திருக்க வேண்டும். எங்கள் ஊர்க் கடையில் விலை குறைந்ததை நான் பார்க்கவில்லை. கூடச் சம்பாதித்தவனுக்குக் கூடவும், குறையச் சம்பாதித்தவருக்கு ஒன்றுமே இல்லாமலும் போனது அந்தச் சலுகை.

"கையில் காசு இருந்தால் சனம் செலவழிக்கும், வியாபாரம் வளரும், அரசாங்கத்துக்கு வரி தானாக வந்து சேரும்" என்பதுதான் இதற்குச் சொல்லப்படும் காரணம். அது எங்கேயும் நடக்காது என்று நான் சொல்ல மாட்டேன். கொரோனா வந்ததால் இங்கே அது சரியாகச் சோதிக்கப்படவே இல்லை என்று அத்தான் சொன்னதிலும் உண்மை இருக்கிறது. ஆனால் அந்த வாதம் நிற்க வேண்டுமானால், வளர்ச்சி வரும்வரை தாக்குப்பிடிக்க அரசாங்கத்தின் கையில் ஏதாவது இருக்க வேண்டும். எங்களிடம் என்ன இருந்தது? 2019இல் நாட்டின் மொத்த உற்பத்தியில் 12 வீதத்துக்குச் சற்றுக் குறைவாக இருந்த வரி வருமானம் அடுத்த வருடமே 8 வீதமளவுக்கு இறங்கியது. 2020இல் அரசாங்கத்துக்கு வந்த ஒவ்வொரு 100 ரூபாவிலும் 70 ரூபாவுக்கு மேல் வாங்கிய கடனின் வட்டிக்கே போனது. மிச்சக் காசில் ஆசிரியர் சம்பளம், ஆஸ்பத்திரி, ஓய்வூதியம், உரம், வீதி எல்லாம்.

பிறகு நடந்ததை ஒன்றன்பின் ஒன்றாகப் பாருங்கள். வருமானம் விழுந்ததைக் கண்ட கடன் தரப்படுத்தும் நிறுவனங்கள் எங்களைக் கீழே இறக்கின. 2020 நவம்பரில் பிட்ச் நிறுவனம், கடன் கட்டத் தவறும் ஆபத்து பெரிது என்று காட்டும் சிசிசி (CCC) நிலைக்குத் தள்ளியது. வெளிச் சந்தையில் புதுக் கடன் எடுக்க வழியில்லை. ஆனால் பழைய கடன் தவணை நிற்கவில்லை, கையிருப்பு டொலரில் இருந்தே கட்டினார்கள். உள்ளே வந்த பற்றாக்குறைக்கு மத்திய வங்கி காசு அச்சடித்தது. 2022 ஏப்ரல் 12ஆம் திகதி வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று நாடு அறிவித்தது. ஈஸ்டர் குண்டுத் தாக்குதல், கொரோனா, ஒரே இரவில் இரசாயன உரத்தைத் தடை செய்த முடிவு, அதற்கு முன் வருடக்கணக்காகச் சேர்ந்த கடன், எல்லாமே காரணம்தான். ஆனால் 2019க்குப் பிறகு அடிகள் வந்தபோது தாங்கிப்பிடிக்க வருமானம் இல்லாமல் போனது வரிக்குறைப்பால். 2023 நவம்பரில் உயர் நீதிமன்றம் ராஜபக்ச சகோதரர்கள் உட்படப் பலர் பொதுமக்களின் நம்பிக்கையை மீறினார்கள் என்று தீர்ப்பளித்தபோது இந்த வரிக்குறைப்பும் அதில் பேசப்பட்டது.

2019 தேர்தல் நேரத்திலேயே அப்போதைய நிதி அமைச்சர் மங்கள சமரவீர, இந்த வாக்குறுதிகளை நிறைவேற்றினால் நாடு வங்குரோத்தாகும், வெனிசுவேலா, கிரேக்கம் போலாகும் என்று எச்சரித்தார். அதை அப்போது நானும் தேர்தல் பேச்சு என்றுதான் எடுத்துக்கொண்டேன். அவர் 2021 ஓகஸ்டில் கொரோனாவில் இறந்துபோனார்.

என் 216,000 ரூபாவுக்கு யார் விலை கொடுத்தது என்று யோசிக்கும்போது எனக்கு மாமாவின் வள்ளம்தான் ஞாபகம் வரும். மண்ணெண்ணெயில் ஓடும் இயந்திரம். 2022 ஓகஸ்டில் ஒரு லீற்றர் 87 ரூபாவில் இருந்து 340 ரூபாவானது. அதற்கு முதல் விலை குறைவாக இருந்தபோதும் எண்ணெய் கிடைக்கவில்லை. நாள்கணக்கில் வரிசை, வெறும் கான்களை அடுக்கி வைத்துவிட்டு வீதியிலேயே படுத்துக் கிடந்தார். கடலுக்குப் போகாத நாளில் அந்த வீட்டுக்கு வருமானம் இல்லை. அம்மாவுக்கு நீரிழிவு. மாதாமாதம் அரச கிளினிக்கில் இலவசமாகக் கிடைத்த மாத்திரையைத் துண்டில் எழுதிக் கொடுத்து வெளியே வாங்கச் சொன்னார்கள். தாதிமாரில் பிழை இல்லை, அவர்களிடம் மருந்து இல்லை. அந்த வருடம் செப்டெம்பரில் கொழும்பில் பணவீக்கம் 70 வீதத்தைத் தொட்டது. சாப்பாட்டுச் சாமான் விலை ஒரு வருடத்துக்குள் ஏறக்குறைய இரட்டிப்பு. வரிச் சட்டத்தில் எந்த நாளும் பெயர் வராத மாமாதான் எங்கள் எல்லாரையும்விடக் கூட வரி கட்டினார். அதை விலைவாசி என்ற பெயரில் கட்டினார்.

அமெரிக்காவில் இருக்கும் என் நண்பன், "எங்கள் நாடும் அதைத்தானே செய்கிறது" என்பான். உண்மை. 2017இல் கொண்டுவந்த வரிக்குறைப்புகளை 2025 ஜூலையில் நீடித்தார்கள். அந்தச் சட்டம் பத்து வருடத்தில் 3.4 ட்ரில்லியன் டொலர் பற்றாக்குறையைக் கூட்டும் என்று அவர்களுடைய நாடாளுமன்ற வரவுசெலவு அலுவலகமே கணக்கிட்டிருக்கிறது. ஏழைகளுக்கான மருத்துவ உதவியும் கூடவே வெட்டப்பட்டது. ஆனால் அவர்கள் தங்கள் சொந்த நாணயமான டொலரில் கடன் வாங்குகிறார்கள், உலகம் அந்த டொலரை வாங்கிச் சேமிக்கிறது. எங்களுக்கு அந்த வசதி கிடையாது.

அதற்காக இப்போதிருக்கும் வரிதான் சரி என்று நான் சொல்ல வரவில்லை. 2023 ஜனவரியில் அதே 200,000 சம்பளத்தில் என்னிடம் கழித்தது 10,500 ரூபா. சாமான் விலை இரட்டிப்பான நேரத்தில், முன்பைவிடக் கூடிய வரி. வைத்தியர்களும் விரிவுரையாளர்களும் தெருவில் இறங்கியது நியாயம். எத்தனை பேர் நாட்டை விட்டே போய்விட்டார்கள். 2025 ஏப்ரலில் எல்லையை மாதம் 150,000 ரூபாவாக்கினார்கள், இப்போது அதே சம்பளத்துக்கு 3,000 ரூபா. இந்தக் குறைப்பை நான் ஆதரிக்கிறேன், வருமானம் தேறிய பிறகு அளந்து கொடுத்தது என்பதால். 2019இல் வருமானத்துக்கு வேறு வழி காட்டாமலே கொடுத்தார்கள்.

வற் வரியோ 2024இல் இருந்து 18 வீதம். அம்மாவும் அதைத்தான் கட்டுகிறார், என் கம்பனி முதலாளியும் அதைத்தான் கட்டுகிறார், ஒரே சவர்க்காரத்துக்கு ஒரே அளவு. அத்தான், உங்கள் கடைக்கு வரும் மேசன் ஒரு பை சீமெந்துக்கும் அதே 18ஐக் கட்டுகிறார். அடுத்த வரவு செலவுத் திட்டத்தில் குறைக்க இடம் இருக்கிறது என்று அரசாங்கம் சொன்னால், என் 3,000 ரூபாவைத் தொட வேண்டாம், அது அப்படியே கழியட்டும். அந்த 18இல் இருந்து தொடங்கச் சொல்லுங்கள், எவ்வளவு குறையும், அந்த இடைவெளியை எந்தக் காசால் நிரப்புவார்கள் என்பதையும் அதே பக்கத்தில் எழுதச் சொல்லுங்கள்.