அந்தப் படத்தில் என் அப்பாவும் இருக்கிறார்

நான்கு நாளாக எதுவும் எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். தென்மேற்கு ஆப்பிரிக்காவில் இருக்கும் நமீபியாவில், தான் சுட்ட ஒரு காட்டுவிலங்கின் பக்கத்தில் அப்பா முழங்கால் போட்டு உட்கார்ந்திருக்கும் படம் அது. யார் எடுத்துப் போட்டது, கீழே என்னென்ன வந்தது என்று மறுபடி சொல்லப்போவதில்லை. உங்களில் பாதிப் பேர் அங்கே எழுதியும் இருக்கிறீர்கள். பெரியப்பா வீட்டிலும் அத்தை வீட்டிலும் பார்க்கட்டும் என்று குடும்பக் குழுவில் நான் போட்ட படம் அது. என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் அதை வெளியே எடுத்துப் போட்டு, வயசான காலத்தில் அப்பனைக் கொலைகாரன் ஆக்கிய மகன் என்று எழுதியாயிற்று. இருநூறுக்கு மேல் கருத்துகள். ஒன்று விடாமல் படித்தேன். விலங்கைப் பற்றி எழுதியிருக்கிறார்கள், என்னைப் பற்றி எழுதியிருக்கிறார்கள், என் சம்பளத்தைப் பற்றிக்கூட எழுதியிருக்கிறார்கள். முழங்கால் போட்டு உட்கார்ந்திருக்கும் 77 வயது மனிதரை ஒருவர்கூடப் பார்க்கவில்லை.

முதலில், சிலர் எழுதியதுபோல் அது புள்ளிமான் இல்லை. கெம்ஸ்பாக் என்ற ஆப்பிரிக்க மான் வகை. ஓரிக்ஸ் என்றும் சொல்வார்கள். ஆணுக்கும் பெண்ணுக்கும் ஈட்டி மாதிரி நீண்ட கொம்பு இருக்கும். நமீபியாவின் அரசுச் சின்னத்தில் இரண்டு பக்கமும் நிற்பது அதுதான். அழிந்துகொண்டிருக்கும் இனமும் இல்லை. அந்த நாட்டுத் தலைநகர் விண்ட்ஹுக்கிலிருந்து வடக்கே சுமார் 250 கிலோமீட்டரில் ஒட்ஜிவரொங்கோ என்று ஒரு ஊர். அதைச் சுற்றி மாட்டுப் பண்ணைகள். என்னோடு ஜோஹன்னஸ்பர்க்கில் வேலை பார்க்கும் ஒருவருடைய உறவினர் பண்ணைக்குத்தான் போன ஜூனில் போனோம். முறையான அனுமதிச் சீட்டு, பதிவுபெற்ற வழிகாட்டி எல்லாம் உண்டு. திருட்டு வேட்டை என்று எழுதியவருக்காக இதைச் சொல்கிறேன்.

அப்பா 1948-இல் பிறந்தவர். ஆண்டிபட்டிக்குத் தெற்கே, வருசநாட்டு மலையைப் பார்த்த சோளக்காடு. தாத்தாவிடம் லைசென்ஸ் வாங்கிய ஒற்றைக்குழல் துப்பாக்கி இருந்தது. பன்றி இறங்கும் மாதங்களில் ராத்திரிக் காவலுக்கு அவர் போகும்போது பன்னிரண்டு வயது அப்பா தோட்டாப் பையையும் தண்ணீர்ச் செம்பையும் தூக்கிக்கொண்டு பின்னால் போவார். 1972-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. தாத்தா, இனிமே இது நமக்கில்லை என்று நிறுத்திக்கொண்டார். பிறகு ஒரு தேர்தல் சமயத்தில் எல்லோரையும் போல ஸ்டேஷனில் துப்பாக்கியை ஒப்படைத்தார். திரும்ப வாங்கப் போகவே இல்லை. அப்பாவும் அதற்கப்புறம் ஒரு துப்பாக்கியைத் தொட்டதில்லை. ஆனால் தாத்தாவைப் பற்றி அவர் சொல்லும் கதை எல்லாமே அந்த ராத்திரிகள்தான். தாத்தா கோபக்காரர், பேசமாட்டார், பிள்ளைகளைத் தொட்டுக் கொஞ்சியதில்லை. காட்டுக்குள் மட்டும் மகன் தோளில் கை வைத்து நடப்பாராம்.

அம்மா 2022-இல் போனதிலிருந்து அப்பா தனியாக இருக்கிறார். எங்கள் போன் பேச்சு மூன்று கேள்விக்குள் சுருங்கிவிட்டது. சாப்பிட்டியா, அங்க மழையா, எப்ப வர்ற. ஒருநாள் இந்தப் பண்ணையைப் பற்றிச் சொல்லி, வர்றீங்களாப்பா என்று கேட்டேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "எனக்குக் கை ஆடுமேய்யா" என்றார். பாவம் என்று சொல்லவில்லை, வேண்டாம் என்று சொல்லவில்லை. கை ஆடும் என்றார். மூன்று வருஷத்தில் அவர் என்னிடம் மனசுவிட்டுச் சொன்ன முதல் விஷயம் அது.

காசிக்குக் கூட்டிப் போயிருக்கலாமே என்று எத்தனை பேர் எழுதியிருக்கிறீர்கள்! 2019-இல் காசிக்குக் கூட்டிப் போனேன், அம்மாவும் கூட இருந்தார். அந்தப் படத்தை யாரும் எடுத்து எங்கேயும் போடவில்லை. ஒரு கிழவரைக் கோயில் வாசலில் நிறுத்திவைத்தால்தான் உங்களுக்குத் திருப்தி. அவருக்கு என்ன ஆசை என்று கேட்கவேண்டும் என்றே யாருக்கும் தோன்றுவதில்லை. நான் கேட்டேன். அவர் சொன்னார். போனோம். நான் செய்தது அவ்வளவுதான்.

அங்கே குளிர்காலம். விடியற்காலையில் கை விறைத்துப்போகும். முதலில் பண்ணையில் காகித இலக்கு வைத்துச் சுடச் சொல்வார்கள். தேறினால்தான் காட்டுக்குள். அப்பாவின் முதல் இரண்டு குண்டும் காகிதத்தையே தொடவில்லை. ஐந்தாவது நடுவில் விழுந்தது. தடம் பார்ப்பவர் டமாரா இனத்துப் பெரியவர், அப்பா வயதுதான் இருக்கும். இருவருக்கும் பொதுவாக ஒரு மொழி கிடையாது. அவர் சின்னத் துணிப்பையில் சாம்பல் வைத்துத் தட்டிக் காற்றுப் பார்த்தார். அப்பா கீழே குனிந்து ஒரு சிட்டிகைப் புழுதி எடுத்து விரலிடுக்கில் விட்டுக் காட்டினார். அந்தப் பெரியவர் சிரித்த சிரிப்பு இன்னும் என் கண்ணில் இருக்கிறது. அப்புறம் அவர்கள் முன்னால் போனார்கள், நான் பின்னால். குளம்புத் தடத்தின் விளிம்பை விரலால் தொட்டு, பழசா புதுசா என்று இருவரும் தலையாட்டியே பேசிக்கொண்டார்கள். முள்மரங்களைப் பார்த்து அப்பா, "நம்ம உடைமரந்தாய்யா, இங்கயும் வந்து நிக்கிது" என்றார். மூன்று நாளில் அவர் பேசியது, முந்தைய மூன்று வருஷத்தில் பேசியதைவிட அதிகம்.

முதல் நாள் ஒரு குடு நின்றது, அதுவும் அங்கத்து மான் வகைதான். முறுக்குக் கொம்பு, பெரிய ஆண். முக்காலித் தாங்கியில் ரைஃபிளை வைத்துவிட்டார், வழிகாட்டி சரி என்று சொல்லிவிட்டார். அப்பா ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு துப்பாக்கியை இறக்கி, "காத்து திரும்பிருச்சு" என்றார். காற்று திரும்பவில்லை. அது அங்கேயேதான் நின்றது. ராத்திரிதான் சொன்னார், கை நிற்கவில்லை என்று. காயத்தோடு ஓடவிட்டால் தாத்தா சோறு இறங்காமல் கிடப்பாராம், விடிய விடியத் தேடுவாராம். இவரைத்தான் ரத்தவெறி பிடித்த கிழவன் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அதற்கு நாற்பது விருப்பக்குறி. அதில் எங்கள் ஊர்க்காரர்கள் ஏழு பேர்.

மறுநாள் மாலை கெம்ஸ்பாக். தொண்ணூறு மீட்டர் இருக்கும். அவர் முழங்கைக்குக் கீழே என் தோளைக் கொடுத்து நின்றேன். ஒரே குண்டு. அறுபது அடிகூடப் போகவில்லை. அந்த நாட்டு ஜெர்மன் பண்ணைக்காரர்களிடம் ஒரு வழக்கம் உண்டு, விழுந்த விலங்கின் வாயில் ஒரு சின்ன இலைக்கொத்தை வைப்பார்கள். அதற்குக் கடைசி வாய் உணவு மாதிரி. பெரியவர் ஒடித்துக் கொடுக்க, அப்பா முழங்கால் போட்டு வைத்தார். அந்த நிமிஷத்தில் எடுத்த படம்தான் அது. செத்ததுக்குப் புல் ஊட்டி விளையாடுகிறான் என்று எழுதினீர்களே, அந்த இலை. அப்பா அழுதுகொண்டிருந்தார். பெரிதாக்கிப் பார்த்தால் தெரியும். ஒருவராவது பெரிதாக்கிப் பார்த்தீர்களா?

கறி முழுவதும் பண்ணைக்குத்தான். வேலைக்காரக் குடும்பங்களுக்குப் பங்கு போனது, நாங்கள் அன்று ராத்திரி ஈரல் சாப்பிட்டோம். கொம்பு வேண்டாம் என்று அப்பா சொல்லிவிட்டார். ஊருக்கு வந்தது அந்த ஒரு படம் மட்டும்தான்.

அப்படியானால் இங்கேயும் சட்டத்தை எடுத்துவிடலாமா என்று கேட்கிறார்கள். வேண்டாம். 1972 சட்டம் வந்திருக்காவிட்டால் வருசநாட்டில் இன்று எதுவும் மிஞ்சியிருக்காது, இதைத் தாத்தாவே சொல்வாராம். நமீபியா 8,24,000 சதுர கிலோமீட்டர், மக்கள் 30 லட்சம். அங்கே கதை வேறு. மாட்டுக்குப் போட்டி என்று காட்டுவிலங்குகளைப் பண்ணைக்காரர்கள் ஒழித்துக்கொண்டிருந்த காலம் ஒன்று இருந்தது. 1967-இலும் 1975-இலும் வந்த சட்டங்கள் பண்ணை நிலத்து விலங்குகள் மீது அவர்களுக்கு உரிமை கொடுத்தன. வருமானம் வந்ததும் வளர்க்க ஆரம்பித்தார்கள். 1996-இல் அதே உரிமை பொது நிலத்து ஊர்மக்களுக்கும் வந்தது. இன்று இப்படி 86 சமூகக் காப்பு நிலங்கள், நாட்டில் ஐந்தில் ஒரு பங்கு. 2024 வறட்சியில் அந்த அரசாங்கமே மக்களுக்குக் கறி கொடுக்க 83 யானை உள்பட 723 விலங்குகளைச் சுட முடிவெடுத்தது. சரியா தவறா என்று வாதாடலாம். தெரிந்துகொண்டு வாதாடுங்கள்.

எந்த உயிரையும் தொடாதவர்கள் எங்களைக் கண்டித்தால் என்னிடம் பதில் இல்லை. அவர்கள் சொல்வதைக் கேட்டுக்கொள்கிறேன். அப்படிப்பட்டவர்கள் அங்கே மூன்று பேர்தான் எழுதியிருந்தார்கள், மூவரும் மரியாதையாக எழுதியிருந்தார்கள். மற்றவர்கள்? கிடாவெட்டுக்குப் பந்தியில் முதல் வரிசையில் உட்கார்ந்தவர்கள். உயிர் போவதைப் பார்க்காமல் சாப்பிட்டவர்கள், பார்த்து அழுதவரைத் திட்டுகிறார்கள். எனக்கு இது விளங்கவே இல்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், மனசில் வைத்துக்கொள்ள முடியவில்லை. போன வருஷம் கார்த்திகையில் அப்பா குளியலறையில் வழுக்கி விழுந்தார். இரண்டு மணி நேரம் ஈரத்தரையில் கிடந்தார். பால் ஊற்ற வந்த பையன்தான் தூக்கி உட்கார வைத்தான். நான் ஆறாயிரம் கிலோமீட்டருக்கும் மேல் அப்பால் இருந்து ஒவ்வொருவராகப் போன் போட்டேன். எடுத்தவர்கள் சிலர், போய்ப் பார்த்தவர் ஒருவர். பாவம் செய்ய வைத்துவிட்டான் என்று இன்று அப்பாவுக்காகக் கண்ணீர் விடும் உறவுகளே, அன்று எங்கே இருந்தீர்கள்? கை ஆடுவது உங்கள் யாருக்காவது தெரியுமா? காப்பி டம்ளரை இரண்டு கையாலும் பிடிக்கிறார். அதை யாராவது பார்த்திருக்கிறீர்களா?

நானும் பக்கத்தில் இல்லைதான். யாரும் சொல்லிக்காட்ட வேண்டாம், தினமும் ராத்திரி அதை நானே நினைக்கிறேன். அதனால்தான் அந்த மூன்று நாள்.

அப்பாவிடம் பட்டன் போன். இதெல்லாம் அவருக்குத் தெரியாது என்று நிம்மதியாக இருந்தேன். யாரோ ஒரு புண்ணியவான் வீட்டுக்கே போய் உட்கார்ந்து ஒவ்வொன்றாக வாசித்துக் காட்டியிருக்கிறார். நேற்று விடிகாலை ஐந்து மணிக்கு அவரே கூப்பிட்டார். சாப்பிட்டியா என்று கேட்கவில்லை. "அந்தப் படத்தச் சுவத்துலருந்து கழட்டிப்புட்டேன்யா. என்னால உனக்கு எதுக்கு வம்பு" என்றார். தாத்தா படத்துக்குப் பக்கத்தில், பிரேம் போட்டு, ஆணியும் அவரே அடித்து மாட்டியிருந்த படம். மறுபடி மாட்டுங்கப்பா என்று எவ்வளவோ சொன்னேன். "பாப்போம்" என்று வைத்துவிட்டார்.

பால்காரப் பையனிடம் கேட்டேன். இன்னும் மாட்டவில்லையாம். வெள்ளிக்கிழமை விமானத்துக்கு டிக்கெட் போட்டிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை ஊரில் இருப்பேன். எங்களிடம் ஏதாவது சொல்ல வேண்டும் என்று இருப்பவர்கள் அன்று வீட்டுக்கு வந்து, அப்பா முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள்.