எந்தப் பாக்கெட்டக் கழுவாம விட்டேன்?

போன வாரம் பரணை ஒழித்தபோது ஒரு நீல வாளி இறங்கியது. அடியிலிருந்து ஒரு சாண் உயரத்துக்கு நிறம் வெளுத்துப்போய், ஏதோ தேமல் விழுந்த மாதிரி. 2020-ல் கொரோனாவுக்குப் பயந்து ப்ளீச்சிங் பவுடர் கரைத்த வாளி. தூக்கிப் போடலாமா என்றதற்கு அம்மா, "இருக்கட்டும், திரும்ப வந்தா வேணும்" என்றாள். அதனால்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் வீடு ராமேஸ்வரம் தீவில், தங்கச்சிமடம் பக்கம். 2020 மார்ச் 25 ஊரடங்கு வந்ததும் அம்மா திண்ணையை செக்போஸ்ட் ஆக்கிவிட்டாள். பால் பாக்கெட்டுக்குச் சோப்பு. தக்காளிக்கு மஞ்சளும் உப்பும். புளி, பருப்பு, சேமியா எல்லாம் மொட்டைமாடியில் பாய் விரித்து வெயிலில். தபாலில் வந்த பேங்க் கடிதமும் எல்ஐசி நோட்டீசும் துணிக்கொடியில் கிளிப் மாட்டி மூன்று நாள் தொங்கும். கடற்காற்றில் ஒன்று பறந்து பக்கத்து வீட்டு முருங்கையில் சிக்க, அதைத் தொட்டு எடுத்துக் கொடுக்கப் பக்கத்து வீட்டில் ஒருத்தருக்கும் தைரியம் இல்லை. நான்தான் தொரட்டியால் இழுத்தேன்.

அந்த ஏப்ரலில் ரேஷன் கார்டுக்கு அரசு 1000 ரூபாய் கொடுத்ததே, ஞாபகம் இருக்கிறதா? எங்கள் கைக்கு வந்தவை இரண்டு ஐநூறு நோட்டுகள். அம்மா ஈரத்துணியை மேலே போட்டு இஸ்திரிப் பெட்டியால் தேய்த்தாள். ஒன்றின் ஓரம் பழுப்பேறிவிட்டது. அதை மளிகைக் கடையில் வாங்க மாட்டேன் என்றுவிட்டார்கள்.

இன்னொரு வீட்டுக் கதை இதைவிட மோசம். சொந்தக்காரர் வீடு, பெயர் வேண்டாம். விசைப்படகு எதுவும் போகவில்லை, கரையோரத்தில் கிடைத்த சூடை மீன்தான் அன்றைக்குக் கறி. அதை ப்ளீச்சிங் தண்ணீரில் ஊறவைத்து அலசிக் குழம்பு வைத்திருக்கிறார்கள். கொதிக்கும்போது தண்ணி டேங்கு கழுவின வாடை. சட்டியோடு கொட்டினார்கள். இது நம் ஊர்க் கூத்து மட்டும் என்று நினைக்காதீர்கள். 2020 மே மாதம் அமெரிக்க நோய்த்தடுப்பு மையம் 502 பேரிடம் கேட்டபோது, அதில் 19 சதவீதம் பேர் சாப்பாட்டுப் பொருளில் ப்ளீச் போட்டுக் கழுவியதாகச் சொன்னார்கள். நம் உணவுப் பாதுகாப்பு ஆணையமும், காய்கறியில் சோப்பு, கிருமிநாசினி போடாதீர்கள் என்று படம் போட்டுச் சொல்லவேண்டி வந்தது.

சிரிப்பதற்காக இதைச் சொல்லவில்லை. அந்த நேரத்தில் அம்மா செய்ததில் தப்பே இல்லை. 2020 மார்ச் 17-ல் ஒரு பெரிய மருத்துவ இதழில் ஆய்வு வந்தது: பிளாஸ்டிக்கில் 72 மணி நேரம் வரை, அட்டைப்பெட்டியில் 24 மணி நேரம் வரை வைரஸ் தாக்குப்பிடிக்கிறது என்று. அடுத்த வாரமே அது வாட்சப்பில் வந்துவிட்டது. "எழுபத்திரண்டு மணி நேரம்" மட்டும் வந்தது. மீதி வரவில்லை.

மீதி என்ன? அதே ஆய்வில், பிளாஸ்டிக் மேல் வைரசின் அளவு ஏறக்குறைய ஏழு மணி நேரத்துக்கு ஒருமுறை பாதியாகிக்கொண்டே போனது. 72 மணி நேரம் என்பது கடைசியாகத் தட்டுப்பட்ட மிச்சம், அவ்வளவுதான். படகுத்துறையில் காலையில் ஐஸ் பார் இறக்குகிறார்கள். சாயங்காலம் ஒரு துண்டு ஓரத்தில் கிடக்கும். ஐஸ் இருக்கிறதா என்று கேட்டால் இருக்கிறது. அதை வைத்து ஒரு கூடை விளைமீனைக் காப்பாற்ற முடியுமா? கடல்காரனுக்கு இதற்குமேல் விளக்கம் தேவையில்லை.

இன்னொன்றும் உண்டு. இந்த மாதிரி சோதனைகளில் வைரசை ஏராளமாக ஊற்றிவிட்டுத்தான் எத்தனை நேரம் இருக்கிறது என்று பார்க்கிறார்கள். ஒருத்தர் தும்மி விழுகிற அளவு அதில் ஒரு துளிகூட ஆகாது என்று, ரட்கர்ஸ் பல்கலைக்கழக நுண்ணுயிரியல் பேராசிரியர் இமானுவேல் கோல்ட்மேன் 2020 ஜூலையிலேயே எழுதிவிட்டார். வெயிலைப் பற்றியும் ஓர் ஆய்வு வந்தது. கோடை வெயிலுக்கு இணையான ஒளியில், எச்சிலில் கலந்த வைரசில் 90 சதவீதம் சுமார் ஏழு நிமிடத்தில் செயலிழந்தது. அப்படியென்றால் ராமநாதபுரத்துச் சித்திரை வெயிலில் அம்மாவின் புளி பாக்கெட் மாடியில் விரித்த கொஞ்ச நேரத்திலேயே ஏறக்குறைய சுத்தம். மூன்று நாள் காயவைத்தது புளிக்குத்தான் கெடுதல்.

2020 மே 5-ல் சென்னை கோயம்பேடு காய்கறிச் சந்தையை மூடினார்களே, அன்றைக்கே நமக்குப் பாடம் கிடைத்துவிட்டது. ஆனால் நாம் படித்தது வேறு பாடம். "காய்கறியிலதான் வந்துச்சாம்" என்று எங்கள் தெருவில் கத்தரிக்காயைக்கூட வெந்நீரில் போட்டார்கள். கடலூருக்கும் விழுப்புரத்துக்கும் அரியலூருக்கும் நோயைக் கொண்டுபோனது கத்தரிக்காய் இல்லை. தோளோடு தோள் உரசி மூட்டை தூக்கிய, ஒரே இடத்தில் படுத்து எழுந்த மனிதர்களோடு போனது, அவர்கள் விட்ட மூச்சில்.

இனி என் வீட்டுக்கு வருகிறேன். 2021 மே, இரண்டாவது அலை. அப்பா ஒரு துக்க வீட்டுக்குப் போனார். நெருங்கிய உறவு, போகாமல் இருக்க முடியாது. வெக்கை என்று ஜன்னலைச் சாத்தி ஏசி போட்ட அறை, நடுவில் ஃப்ரீசர் பெட்டி, சுற்றி இருபது இருபத்தைந்து பேர். ஒப்பாரி வைக்கும்போது யார் மாஸ்க் போடுவார்? குரலெடுத்து அழும்போதும் பாடும்போதும் சாதாரணப் பேச்சைவிட அதிகமாக நுண்துளிகள் வெளியே வரும், மூடிய அறையில் அவை காற்றிலேயே மிதக்கும். அப்பா திரும்பி வந்ததும் அம்மா திண்ணையிலேயே நிறுத்திக் குளிக்கவைத்தாள். வேட்டி சட்டையை வெந்நீரில் போட்டாள். செருப்பைக்கூட டெட்டால் ஊற்றிக் கழுவினாள். ஐந்தாம் நாள் காய்ச்சல்.

அப்பா ஆஸ்பத்திரியில் இருந்த பதினேழு நாளும் அம்மா கேட்ட கேள்வி ஒன்றுதான். "எந்தப் பாக்கெட்டக் கழுவாம விட்டேன்?" ராத்திரி எழுந்து உட்கார்ந்து எண்ணுவாள். செவ்வாக்கிழமை வந்த பால், புதன்கிழமை தபால்காரர் தந்த கவர். ஒவ்வொன்றாக. அந்த ஜன்னல் சாத்தின அறை அவள் கணக்கில் வரவே இல்லை. வரும்படி யாரும் அவளுக்குச் சொல்லவில்லை.

எனக்குக் கோபம் அங்கேதான். சாமானைத் தொட்டு நோய் வரும் வாய்ப்பு, ஒரு முறை தொடுவதற்குப் பொதுவாகப் பத்தாயிரத்தில் ஒன்றைவிடக் குறைவு என்று அதே அமெரிக்க நோய்த்தடுப்பு மையம் 2021 ஏப்ரல் 5-ல் வெளியிட்டுவிட்டது. எங்கள் ஊரில் அப்போதும் தெருவுக்குத் தெரு சுண்ணாம்புப் பவுடர் தூவிக்கொண்டிருந்தார்கள். ஜன்னலைத் திறங்கள் என்று மைக் கட்டி ஒரு ஆட்டோ வந்ததாக எனக்கு ஞாபகம் இல்லை. கழுவுகிற வேலை முழுக்கப் பொம்பளைகள் தலையில், நோய் வந்தால் பழியும் அவர்கள் தலையில். நானே ஒரு நாள், "ஒழுங்காத்தான் கழுவுனியாம்மா?" என்று கேட்டிருக்கிறேன். அந்த வாய் இன்னும் உறுத்துகிறது.

அப்படியானால் சாமானைச் சுத்தப்படுத்துவதே மூடத்தனமா? அதுவும் இல்லை. பாம்பன் பாலத்துக்கு அக்கரையில் உள்ள நம் மண்டபம் கேம்ப்பையே எடுத்துக்கொள்ளுங்கள். இன்றைக்கு அங்கே கடல்மீன் ஆராய்ச்சி நிலையமும் அகதிகள் முகாமும் இருப்பதுதான் பலருக்குத் தெரியும். அதற்கு முன்னால் அது இலங்கை அரசு நடத்திய தனிமை முகாம். தேயிலைத் தோட்டத்துக்குப் போகிற நம் சனங்களைக் கப்பலேற்றுவதற்கு முன் சில நாள் அங்கே அடைத்து, அம்மை குத்தி, துணிமணிகளைக் கிருமிநீக்கம் செய்துதான் அனுப்புவார்கள். நடத்திய விதம் கொடுமை, அது தனிக் கதை. ஆனால் அன்றைக்குப் பயந்தது பிளேக்குக்கும் காலராவுக்கும் பெரியம்மைக்கும். பிளேக் தெள்ளுப்பூச்சியோடு துணி மூட்டையில் வரும். பெரியம்மை, நோயாளி படுத்த துணியில் ஒட்டும். காலரா தண்ணீரில் வரும். அங்கே கழுவுவதற்கும் கொதிக்கவைப்பதற்கும் அர்த்தம் இருந்தது. மூச்சில் வருகிற நோயைப் பால் பாக்கெட்டில் தேடினால்?

இதைவிட அசிங்கமான ஒன்றும் நடந்தது. கழுவுவது கொஞ்ச நாளில் "யார் கை பட்டது" என்று மாறிவிட்டது. எங்கள் தெருவுக்கு டிவிஎஸ் ஃபிப்டியில் வருஷக்கணக்காக வெங்காயம் பூண்டு கொண்டுவந்த பாய் ஒருவர். 2020 ஏப்ரலில் ஒரு சமூகத்தின் பெயரையே வைரசோடு சேர்த்துக் கட்டினார்களே, அந்த வாரம் நாலு வீட்டில் கேட்டைத் திறக்கவில்லை. அவர் தராசை மடித்து வைத்துவிட்டு, "பரவால்லத்தா, அடுத்த வாரம் பாப்போம்" என்று போனார். எங்கள் வீட்டில் வாங்கினோம். வாங்கிய பூண்டை, மற்றதைவிட ஒரு தடவை அதிகமாகக் கழுவினோம். அதையும் எழுதாவிட்டால் இந்தப் பதிவு பொய்.

விதிவிலக்கே இல்லையா என்று கமெண்டில் கேட்பீர்கள். உறைநிலை மீன் பெட்டியைத்தான் பெரிதாகப் பேசினார்கள். 2020 நவம்பரில் இந்தியாவிலிருந்து போன கணவாய்ப் பெட்டியின் மேல் தடயம் கிடைத்ததாகச் சொல்லி, சீனா ஒரு கம்பெனியின் சரக்கை ஒரு வாரம் நிறுத்தியது. தடயம் கிடைப்பது வேறு, அதிலிருந்து நோய் தொற்றுவது வேறு. அந்தப் பெட்டியைத் தொட்டுவிட்டுச் சோப்பு போட்டுக் கை கழுவினால் முடிந்தது கதை. கை கழுவுவதை நான் விடச் சொல்லவில்லை; காய்ச்சலோ வயிற்றுப்போக்கோ, கொஞ்சமாவது அங்கேயே நிற்கும். காயை நல்ல தண்ணீரில் அலசுங்கள், மருந்தடித்த காய், எப்படியும் அலசத்தான் வேண்டும். தபாலை வாங்கி, பிரித்துப் படித்துவிட்டுக் கை கழுவுங்கள். கொடியில் மாட்ட வேண்டாம்.

நேற்று இதையெல்லாம் அம்மாவிடம் ஐஸ் பாரோடு சேர்த்துப் பொறுமையாகச் சொன்னேன். தலையாட்டிக் கேட்டாள். பத்தாயிரத்தில் ஒன்றுக்கும் குறைவு என்ற இடத்தில் நிறுத்தினாள்.

"அப்ப அந்த ஒண்ணு யாரு வீடுடா?"

வாளி மறுபடியும் பரணுக்குப் போய்விட்டது.